மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்கு அடியில்

பிறர் எழுதிய எதையாவது படிக்க உட்கார்ந்தால் அண்ணி முதலில் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்வார். பிறகு காலிப் பெட்டியை மூடி, தாளின் மேல் பகுதியில், எழுதியவர் பெயர் இருக்கும் இடத்தில் வைப்பார். பெயர் முழுதும் மறைந்ததா என்று பெட்டியை விரலால் கொஞ்சம் நகர்த்திப் பார்த்துவிட்டுத்தான் முதல் வரிக்குப் போவார். அவர் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பார்க்கிறேன். பெட்டிகள் மாறியிருக்கின்றன. முதலில் பழுப்புத் தோல் பெட்டி, பிறகு ஒரு தகரப் பெட்டி, இப்போது கீல் விட்டுப்போன நீலப் பெட்டி. பழக்கம் மட்டும் மாறவில்லை. “இன்று குழாயில் தண்ணீர் வராது, பிடித்து வை” என்று அண்ணன் எழுதி வைத்துவிட்டுப் போன துண்டுச் சீட்டையே ஒருமுறை அப்படிப் படித்தார். சாயங்காலம் அண்ணனிடம் நான் அதைச் சொன்னபோது, “அப்போ, யார் எழுதினதுன்னு கடைசி வரைக்கும் கண்டுபிடிக்க முடியலையாமா?” என்றார்.

ஏன் அப்படி மறைக்கிறீர்கள் என்று நான் கேட்டதற்கு அண்ணி சொன்ன பதில் இது: “பேரைப் பாத்துட்டா, எழுதினதைப் பாக்கறதுக்கு முன்னாடியே மனசு ஒரு பக்கம் சாஞ்சிடுது.”

அண்ணி மருத்துவக் கல்லூரியில் குழந்தைகள் பிரிவில் கற்பிப்பவர். அண்ணன் லிஃப்ட் பழுது பார்ப்பவர். நான் அண்ணனின் தங்கை. அம்மா படுக்கையில் விழுந்த வருடம் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். அம்மா போன பிறகும் வீட்டைப் பார்த்துக்கொண்டு இங்கேயே இருந்துவிட்டேன். தலை நரைத்த பிறகும் இந்த வீட்டில் என் பெயர் பாப்பாதான். நாலு பேர் வந்தால் எனக்குச் சமையலறைக் கதவு ஓரம்தான் வசதி. அங்கே நின்றால் முன்னறை மேசை முழுதும் தெரியும். என்னை யாரும் பேசச் சொல்ல மாட்டார்கள்.

அந்த மேசையைச் சுற்றித்தான் சனிக்கிழமைதோறும் இளம் டாக்டர்கள் கூடுவார்கள். நோயாளியைப் பார்ப்பதற்கு மட்டுமல்ல, பார்த்ததை எழுதுவதற்கும் டாக்டர்கள் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. கல்லூரியில் அதற்குத் தனி வகுப்பு இல்லை. அண்ணி வீட்டிலேயே ஆரம்பித்துவிட்டார். வாரம் ஒருவர் தான் எழுதிய கட்டுரையைக் கொண்டுவருவார். மற்றவர்கள் படித்துவிட்டு, தங்களுக்கு என்ன புரிந்தது என்று முதலில் தங்கள் வார்த்தையில் சொல்ல வேண்டும். பிறகு எது விளங்கவில்லையோ அதைக் கேள்வியாகக் கேட்க வேண்டும். எல்லோரும் முடிக்கும் வரை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது.

இந்தக் கடைசி விதிதான் அவர்களுக்குக் கஷ்டம். உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அண்ணி சொல்வார்: “நாளைக்கு இது அச்சுல வந்தா, படிக்கறவங்க ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் போய் உக்காந்து, ‘நான் சொல்ல வந்தது அது இல்லீங்க’ன்னு சொல்லப் போறீங்களா?”

இன்னொரு விதியும் உண்டு. தாளில் இருப்பதைப் பற்றித்தான் பேசலாம். எழுதிய ஆளைப் பற்றிப் பேசக் கூடாது. “நீ அவசரக்காரி”, “உனக்குக் கணக்கு வராது” என்று யாராவது வாய்தவறிச் சொன்னால் அண்ணி கண்ணாடிப் பெட்டியை எடுத்து மேசையில் ஒரு தட்டு தட்டுவார். திட்டுவதில்லை. அந்த ஒரு தட்டுதான்.

வந்தவர்களுக்குப் பட்டப்பெயர் வைத்தது அண்ணன். ஒரே விடுதி அறையில் தங்கி, எப்போதும் சேர்ந்தே வரும் இரண்டு பெண்கள் இரட்டைக்கிளிகள். எதைக் கேட்டாலும் ஒரு வார்த்தையில் பதில் சொல்லும் எலும்பு டாக்டர் முற்றுப்புள்ளி. இன்னொருத்தி, பேச ஆரம்பித்தால் மூச்சு விடாமல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிப் போவாள். எழுத்தும் அதே மாதிரி, பக்கம் முடிந்தாலும் வாக்கியம் முடியாது. அவள் கமா. அண்ணன் வைத்த பெயர் என்று தெரிந்தும் அவள் கோபப்படவில்லை. தொலைபேசியில் என்னிடம், “அக்கா, நான் கமா பேசறேன்” என்றே சொல்வாள்.

அண்ணன் செய்தித்தாளை விரித்துக்கொண்டு மூலை நாற்காலியில் இருப்பார். டாக்டர்கள் எழுதும் முறை அவருக்கு வேடிக்கை. “லிஃப்ட் நின்னுடுச்சுன்னா நாங்க நின்னுடுச்சுன்னு எழுதுவோம். இவங்களா இருந்தா, ‘லிஃப்ட் நகராமல் இருந்திருக்கக்கூடும் என்று கருத இடமிருக்கிறது’ன்னு எழுதுவாங்க. உள்ள மாட்டினவன் அதுக்குள்ள தூங்கிடுவான்” என்பார். அண்ணி சிரிக்காத மாதிரி தலையைக் குனிந்துகொள்வார்.

கமா முதல்முறை வந்தபோது கையில் ஒரு மருத்துவப் பத்திரிகையிலிருந்து வந்த கடிதம் இருந்தது. எப்படி என்றால், டாக்டர்கள் எழுதுவதைப் பத்திரிகைக்காரர்கள் உடனே அச்சிடுவதில்லை. அதே துறையில் இருக்கும் வேறு டாக்டர்களிடம் அனுப்பிக் கருத்துக் கேட்பார்கள். யார் எழுதியது என்று படிப்பவருக்குத் தெரியாது. யார் படித்தது என்று எழுதியவருக்கும் தெரியாது. அப்படி யாரோ ஒருவர் கமாவின் முதல் கட்டுரையைப் படித்துவிட்டு, “கதை சொல்ல வருகிறவர் கதையே எழுதலாம்” என்று எழுதியிருந்தார். அதோடு அவள் பேனாவை மூடி வைத்துவிட்டாள். ரொம்ப நாள் எதுவும் எழுதவில்லை. அண்ணிதான் வார்டில் பார்க்கும்போதெல்லாம் கேட்டுக் கேட்டு, ஒரு சனிக்கிழமை மேசைக்குக் கொண்டுவந்தார்.

கொண்டுவந்து, சிவப்புப் பேனாவை எடுத்தார். கமா எழுதியதில் பாதி அம்மாக்கள் பேசியதாகவே இருக்கும். இந்த அம்மா இப்படிச் சொன்னாள், அந்த அம்மா அப்படிக் கேட்டாள் என்று. அண்ணி அவற்றை அடிப்பார். “இது தேவை இல்லை. இதுவும் வேண்டாம்.” அடித்த பிறகு பக்கம் சுத்தமாக இருக்கும். கமாவும் வேகமாகக் கற்றுக்கொண்டாள். வாக்கியங்கள் குட்டையாயின. “கத்தரிச்சுக் கத்தரிச்சு கமாவை முற்றுப்புள்ளி ஆக்கிட்டே” என்றார் அண்ணன்.

அந்த நாட்களில் ஒருமுறை அண்ணி மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுப் பையைக் கொடுக்க நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். குழந்தைகள் வார்டுக்கு வெளியே, நடைபாதையில், சுவரில் சாய்ந்தபடி ஓர் அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கமா. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அவளும் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். இருவரும் பேசவில்லை. மூச்சு விடாமல் பேசும் அந்தப் பெண் அப்படிப் பேசாமல் இருந்ததைப் பார்த்து நான் கூப்பிடாமலே தாண்டிப் போனேன். திரும்பி வரும்போதும் இருவரும் அப்படியே இருந்தார்கள்.

பிறகு அவளுக்கு வேறொரு ஆஸ்பத்திரியில் வேலை போட்டார்கள். சனிக்கிழமைகளில் வர முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அண்ணிக்கு ஒரு பத்திரிகையிலிருந்து கருத்துக் கேட்டு ஒரு கட்டுரை வந்தது. விடுமுறை நாள் மத்தியானம். நான் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். பெயரே இல்லாத தாள்தான், இருந்தாலும் அண்ணி பெட்டியை எடுத்து மேலே வைத்தார், பழக்க தோஷம். படித்து முடித்துவிட்டு, மேசையில் சொல்லும் மாதிரியே என்னிடமும் அதில் என்ன இருக்கிறது என்று சொன்னார். குழந்தைக்கு உடம்பு மோசம் என்பதைப் பெற்றவர்களிடம் எப்படிச் சொல்வது என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பெற்றவர்களாக நடிக்க ஆட்களை உட்கார வைத்துப் பழக்குகிறார்கள். மாணவன் என்னென்ன சொல்ல வேண்டும் என்று ஒரு வரிசை இருக்கிறது. அதைச் சொல்லச் சொல்ல மதிப்பெண். பயிற்சிக்குப் பிறகு மதிப்பெண் ஏறியிருக்கிறது. அவ்வளவுதான் கட்டுரை.

“சுத்தமா எழுதியிருக்காங்க பாப்பா. ஒரு பிசிறு இல்லை. ஆனா உள்ள ஆளே இல்லை. பூட்டின வீட்டை ஜன்னல் வழியா எட்டிப் பாக்கற மாதிரி இருக்கு.”

அப்புறம் கருத்தை எழுத ஆரம்பித்தார். கட்டுரைக்குள் ஆளே இல்லை என்று சொல்லி, வரிசையாகக் கேள்விகள் கேட்டார். அண்ணி எதை எழுதினாலும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பார். அன்று ஒரு வரியை இரண்டு தடவை சொன்னார்: “இதை எழுதியவர் ஒரு தாயின் பக்கத்திலாவது உட்கார்ந்திருப்பாரா என்பது சந்தேகமே.” எழுதியதை ஒரு ராத்திரி ஆறப்போட்டு, காலையில் மறுபடி படித்துத்தான் அண்ணி அனுப்புவது வழக்கம். மறுநாள் காலையிலேயே தேர்வு மேற்பார்வைக்குப் போக வேண்டியிருந்தது. அன்றே அனுப்பிவிட்டார்.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை கமா வந்தாள். இளைத்திருந்தாள். உட்கார்ந்ததும் பையிலிருந்து தாள்களை எடுத்து மேசையில் வைத்தாள். யாருக்கும் சொல்லாமல், தானே ஒரு கட்டுரை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பியிருக்கிறாள். அச்சில் வந்த பிறகு கொண்டுவந்து அண்ணியிடம் காட்டலாம் என்று இருந்தாளாம். பத்திரிகையிலிருந்து கருத்துதான் வந்திருக்கிறது. நிறையத் திருத்தி அனுப்பச் சொல்கிறார்கள். கட்டுரையைப் பற்றி எதுவும் சொல்லாமல் அந்தக் கருத்தை மட்டும் உரக்கப் படித்தாள். நான் டீ தம்ளர்களோடு கதவு ஓரம் நின்றிருந்தேன். அண்ணி அன்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்த அந்த வரி வந்தது.

அண்ணியைப் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. மூக்குக்கண்ணாடியை மட்டும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

இரட்டைக்கிளிகளுக்குக் கோபம். கமாவையா இப்படிச் சொல்வது என்றார்கள். இதை எழுதியவர் வார்டு பக்கம் போய்ப் பல வருடம் ஆன வழுக்கைத் தலையாக இருக்கும் என்றாள் ஒருத்தி. வயிற்று வலியோடு உட்கார்ந்து எழுதியிருப்பார் என்றாள் மற்றவள். அண்ணன்கூடச் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, “வீட்டுக்காரம்மா சோறு போட்டிருக்க மாட்டா” என்றார். எழுதியவர் வாய் திறக்கக் கூடாது என்ற தன் விதிக்குள் அண்ணியே மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். தம்ளர்கள் சூடு ஆறும் வரை நான் உள்ளே போகவே இல்லை.

முற்றுப்புள்ளிதான் தாளை வாங்கி மெதுவாகப் படித்தான். பிறகு, அவனுக்கு அது பெரிய பேச்சு, இப்படிச் சொன்னான்: “இவர் நல்லாப் படிச்சிருக்கார். கேள்வி எல்லாம் சரியான கேள்வி. ஆனா இந்த ஒரு வரி...” கை நீட்டி, அண்ணி முன்னால் இருந்த நீலப் பெட்டியை எடுத்து மேசையில் ஒரு தட்டு தட்டினான். “இது தாளைப் பத்தி இல்லை. ஆளைப் பத்தி.”

அண்ணி தலையை ஆட்டினார். கமா தாள்களை அடுக்கிப் பைக்குள் வைத்தாள். “இனிமே நான் வார்டைப் பாத்துக்கறேன். எழுதறவங்க எழுதட்டும்” என்றாள். டீ குடிக்காமலே போய்விட்டாள்.

அன்று முழுதும் அண்ணி வீட்டுக்குள் அலைந்துகொண்டே இருந்தார். மடித்த துணிகளைப் பிரித்து மறுபடி மடித்தார். கடைசியில் சமையலறைக்கு வந்து, “நீ கேட்டே இல்ல?” என்றார். கேட்டேன் என்றேன். சொன்னால், தான் நம்பிய ஒரே மேசையும் போய்விட்டது என்று அவள் நினைப்பாள், அத்தோடு எழுதவே மாட்டாள் என்றார். சொல்லாவிட்டாலும் எழுத மாட்டாள். சொல்லாமல் மறைத்துவிட்டு அந்த மேசையில் தான் எந்த முகத்தோடு உட்காருவது என்றார். தண்ணீர் கொடுத்தேன்.

மறுநாள் பத்திரிகை ஆசிரியருக்கு எழுதினார். எழுதியவர் யார் என்று தற்செயலாகத் தெரிந்துவிட்டது, திருத்திய கட்டுரையை வேறு யாருக்காவது அனுப்புங்கள், அந்த ஒரு வரியை நான் திரும்பப் பெறுகிறேன், என் கருத்துக்குக் கீழே என் பெயரைப் போட அனுமதிக்க வேண்டும். இவ்வளவையும் என்னிடம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, ஒரு ராத்திரி ஆறப்போட்டு, பிறகுதான் அனுப்பினார். ஆட்சேபணை இல்லை என்று பதில் வந்தது.

அந்த வாரத்திலேயே, சனிக்கிழமைக்கு முன்னால், கமா வந்தாள். அண்ணியிடம் வாங்கிப்போன புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க. ஒன்றுவிடாமல் கொண்டுவந்திருந்தாள். அண்ணி அவளைச் சமையலறைக்கே கூட்டிவந்து ஸ்டூலில் உட்கார வைத்தார். நான் நகரப் பார்த்தேன். “பாப்பா, நீ போகாதே. தனியா சொல்ல எனக்குப் பயமா இருக்கு” என்றார்.

பிறகு சொன்னார். “அந்த வரியை எழுதினது நான்தான்.”

“எந்த வரி மேடம்?”

அண்ணி அந்த வரியை அப்படியே திருப்பிச் சொன்னார். கமா அண்ணியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அதற்குள் அவள் கண் நிறைந்துவிட்டது. பேசியபோது குரல் உயரவில்லை.

“கதையெல்லாம் எடுத்துடுன்னு சொன்னதும் நீங்க. ஆளே இல்லைன்னு சொல்றதும் நீங்க. நான் எங்கதான் போய் நிக்கறது?”

“அடிச்சேனே தவிர, எதை அடிக்கலாம்னு உன்னை ஒரு வார்த்தை கேக்கலை” என்றார் அண்ணி. “என் பேனா பண்ணின ஓட்டையைத்தான் உன் தாள்ல பாத்திருக்கேன். பாத்துட்டு, பழியை உன் மேல போட்டுட்டேன்.”

கமா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, எழுந்து போய் இறுக்கி மூடினேன். நான் திரும்பியபோது அவள் கேட்டாள்: “வழுக்கைத் தலைன்னு சொன்னாங்களே. அதையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தீங்களா?”

“வயித்து வலியையும் கேட்டேன். வீட்டுக்காரம்மா சோறு போட்டிருக்க மாட்டான்னு என் வீட்டுக்காரரே சொன்னதையும் கேட்டேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுதுகொண்டே சிரித்தாள். அந்த வரி தவிர மற்றதெல்லாம் எப்படி என்று கேட்டாள். மற்றதெல்லாம் அப்படியே நிற்கிறது, ஒரு கேள்வியைக்கூட மாற்ற மாட்டேன் என்றார் அண்ணி. கமா பெருமூச்சு விட்டாள். பொய் சொல்லித் தேற்றாததில் அவளுக்கு ஏதோ நிம்மதி இருந்த மாதிரி எனக்குத் தோன்றியது.

“எழுத வேண்டாம். சும்மா சொல்லு” என்றார் அண்ணி. “அந்த அம்மாக்கள் என்ன சொன்னாங்க?”

கமா சொல்ல ஆரம்பித்தாள். பழைய மாதிரி, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவி. பயிற்சியில் முழு மதிப்பெண் வாங்கிய ஒரு மாணவன், வார்டில் நிஜமாகவே ஓர் அம்மாவிடம் சொல்ல நேர்ந்தது. வரிசையில் இருந்த எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல், மென்மையாக, சரியாகச் சொன்னான். சில நாள் கழித்து அந்த அம்மா கமாவிடம் சொன்னாளாம்: “டாக்டர் தம்பி நல்லாத்தான் சொன்னார். நான் நின்னுக்கிட்டே இருந்தேம்மா. உக்காரச் சொல்லியிருந்தா இன்னும் கொஞ்சம் காதுல விழுந்திருக்கும்.”

நான் உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தேன்.

“இதை ஏன் எழுதலை?” என்றார் அண்ணி.

“எழுதினேன் மேடம். நீங்க அடிக்கறதுக்கு முன்னாடி நானே அடிச்சிட்டேன்.”

போகும்போது புத்தகங்களை மறுபடி பையில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். எழுதுகிறேன் என்று சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை வருகிறாயா என்று அண்ணியும் கேட்கவில்லை. வந்தாள். அண்ணி எல்லோர் முன்னாலும் அந்த வரியை எழுதியது தான் என்று சொன்னார். இரட்டைக்கிளிகள் மேசைக்கு அடியில் போகாத குறை. அண்ணன் செய்தித்தாளை முகத்திலிருந்து இறக்கவே இல்லை. முற்றுப்புள்ளி மட்டும், “தட்டினது சரிதான்” என்றான்.

கட்டுரை சரியாக வர வெகுகாலம் பிடித்தது. அண்ணியின் கருத்தில் இருந்தவற்றுக்கு ‘வழுக்கைத் தலையின் கேள்விகள்’ என்று பெயர் வைத்து, கமா ஒவ்வொன்றாக எடுத்தாள். முறைப்படி அனுமதி வாங்கி அம்மாக்களையும் அப்பாக்களையும் தேடிப் போய்க் கேட்டாள். எது கதை, எது ஆதாரம் என்று மேசையில் சண்டையே நடந்தது. ஒருவர் சொன்னது கதை, பலர் வேறு வேறு வார்த்தையில் அதையே சொன்னால் கவனிக்க வேண்டியது என்று கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். நின்றுகொண்டே கேட்டதைப் பலரும் சொல்லியிருந்தார்கள். இத்தனைக்கும் பிறகு அந்தப் பத்திரிகை அதை எடுத்துக்கொள்ளவில்லை. கமா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, இன்னொன்றுக்கு அனுப்பினாள். அங்கே வந்தது. அந்த அம்மா சொன்னது, பெயர் இல்லாமல், சொன்னபடியே அச்சில் இருக்கிறது. அண்ணி எனக்கு அந்தப் பக்கத்தைக் காட்டினார். கமாவின் பெயர் மேல் பெட்டியை வைக்கவில்லை.

இப்போது அண்ணி வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். இன்னும் கட்டுரைகள் கருத்துக்கு வருகின்றன. கீழே கையெழுத்துப் போட விடாத பத்திரிகைக்கு அவர் எழுதுவதில்லை. சிவப்புப் பேனா சமையலறையில் இருக்கிறது. மிளகு டப்பாவுக்கும் சீரக டப்பாவுக்கும் பெயர் எழுத நான் வைத்திருக்கிறேன். தாளின் ஓரத்தில் பென்சிலால் கேள்விக்குறி போடுவதோடு அண்ணி நிறுத்திக்கொள்கிறார். சனிக்கிழமை மேசையை நடத்துவது கமா. கல்லூரியில் மாணவர்கள் சொல்ல வேண்டிய வரிசையில், பெற்றவரை உட்காரச் சொல்வது முதலாவதாக வந்துவிட்டது. போன சனிக்கிழமை அண்ணியின் கட்டுரை மேசைக்கு வந்தது. எல்லோரும் பேசி முடிக்கும் வரை அண்ணி வாயைத் திறக்கவில்லை.